ஜெபக்கனிக்கு ஆறடி

2023 ஆகஸ்ட் 6, ஞாயிறு. மாலை 5.10. ஹாலில் பதினோரு பேர்.

மைக்கில் இரைச்சல். எர்த் வயர் கழன்றிருந்தது, மாட்டினேன். நான் இங்கே வருவது இந்த மாதிரி வேலைக்குத்தான். ஜெபம், தொழுகை, தியானம் எதுவும் எனக்கு ஓடாது.

‘ஒப்புரவு இல்லம்’ என்று போர்டு மாட்டியிருக்கும் இந்த ஹால் முன்பு தீப்பெட்டிக் கிடங்கு. ஏழு வருடத்துக்கு முன் பட்டாசு யூனிட் வெடித்து ஒன்பது பேர் செத்தார்கள். கோயிலுக்குப் போகிற வீடு, பள்ளிவாசலுக்குப் போகிற வீடு, சர்ச்சுக்குப் போகிற வீடு எல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. அந்த பெஞ்சுதான் வளர்ந்து இந்த ஹாலாகிவிட்டது. ஞாயிறு தோறும் ஒன்பது பெயரையும் வாசிப்பார்கள். அவரவர் வழியில் வேண்டிக்கொள்வார்கள். அப்புறம் கேஸ் எந்த நிலைமையில் இருக்கிறது என்று பேசுவார்கள். ஒன்பதில் ஒருவர் எங்கப்பா. அது இங்கே தேவையில்லை.

இன்று ஜெபக்கனி அக்காவை நாற்காலியோடு தூக்கி வந்தோம். கேஸை நடத்துகிற வக்கீல் இவர்தான். இவர் புருஷன் மாரிச்செல்வம் அந்த யூனிட்டில் ஃபோர்மேன். அவரும் ஒன்பதில் ஒருவர். அக்காவுக்குக் கணையத்தில் புற்றுநோய். வயது நாற்பத்து மூன்று. டாக்டர் இரண்டு வாரம் என்கிறார்.

“ஒரு விஷயம் சொல்லிக்கிறேன்” என்றார் மைக்கில். “என்னைய எரிக்காதீங்க. தீ பாத்தாச்சு, போதும். புதைச்சிருங்க. எங்கன்னு எஞ்சினியர் பாத்துக்கிடுவாரு.”

“நான் வெறும் டிப்ளமோக்கா” என்றேன்.

“ஆறடி அளக்கத் தெரியும்ல? போதும்.”

எல்லாரும் சிரித்தார்கள். சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

அச்சகத்தில் மூச்சு விட நேரமில்லை. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியிட்டதிலிருந்து ஆர்டர் குவிகிறது. இரண்டாம் நம்பர் மெஷினில் சென்சார் போய்விட்டது. அடுத்த வருடத்து மார்ச் மாதத் தாள்கள் கோணலாக வெட்டுப்பட்டு விழுந்துகொண்டிருந்தன. சரி செய்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் நகராட்சி மயானத்துக்குப் போனேன். வாசலில் ‘பொது மயானம்’ என்று பெரிய எழுத்தில் போர்டு. இங்கேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

வாட்ச்மேன் பீடியை அணைக்காமலே கேட்டார். “யாருக்கு?”

“எங்க சபையில ஒரு அக்காவுக்கு.”

“எந்த ஆளுக?”

“எல்லா ஆளும் இருக்கோம்.”

“அப்படி ஒரு ஆளுக இங்க இல்லையே தம்பி.” கையை நீட்டிக் காட்டினார். பம்ப்செட்டுக்கு வடக்கே ஒரு சாதி, குட்டிச்சுவர் வரை இன்னொன்று, ஓடைக்கு அந்தப் பக்கம் வேறொன்று. “நான் பாட்டுக்குக் குழி வெட்டிக் குடுத்தா, சாயந்தரம் நாலு வண்டியில ஆளு வரும். எனக்கும் சேத்து வெட்டிற வேண்டியதுதான்.”

“போர்டுல பொதுன்னு போட்டிருக்கே?”

“அது கவர்ன்மெண்டு போட்டது.” பிறகு என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னார்: “அந்தா, கரண்ட் மேடை இருக்கு பாருங்க. அதுல யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

ஆக, இந்த ஊரில் பொதுவாக இருப்பது நெருப்பு ஒன்றுதான்.

ஆகஸ்ட் 9, புதன்

மைதீன் பிச்சை மாமா (ரிட்டயர்டு கண்டக்டர், மருமகனை வெடிப்பில் பறிகொடுத்தவர்) தன் பழைய ஜமாத்துக்குக் கூட்டிப் போனார். செயலாளர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார், பொறுமையாகக் கேட்டார்.

“அண்ணே, அந்த அம்மா நம்மாளே கிடையாது. அத விடுங்க. உங்க பேரையே நீங்க எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்களே. நாளைக்கு உங்களுக்கே என்ன செய்றதுன்னு நாங்க முழிச்சுக்கிட்டு இருக்கோம்.”

மாமா டீயைக் குடிக்கவில்லை. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தார். ரயில்வே கேட்டில் நின்றபோதுதான், “எனக்கும் இடமில்லன்னு இன்னைக்குத்தான்டா மண்டையில ஏறுது” என்றார்.

எல்லாம் இந்தப் பெயர் விவகாரம். வெடிப்பு நடந்த வாரத்திலேயே ஊர்க்கூட்டம், ஜமாத், சர்ச் கமிட்டி மூன்றும் தனித்தனியே முதலாளியோடு பேசி சமரசம் முடித்துவிட்டன. செத்தவர் வீட்டில் யாரையும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா ஒரு விதி கொண்டுவந்தார்: இல்லத்தில் சேருகிறவர் தன் ஊர் வரிப் பட்டியலிலிருந்தோ ஜமாத்திலிருந்தோ சர்ச்சிலிருந்தோ பெயரை எடுத்துவிட்டு வர வேண்டும். “நம்ம பேரு அவுக கையில இருக்கிற வரைக்கும் நம்ம கேஸும் அவுக கையிலதான்.” கேட்கச் சரியாகத்தான் இருந்தது. எல்லாரும் எடுத்துவிட்டு வந்தார்கள். எங்கம்மாவும்.

ஒன்பது பிணத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுகூடியவர்கள். தங்களில் ஒருவர் சாவார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 10, வியாழன்

ஆக்சிஜன் மெஷின் ஃபில்டரைக் கழுவிப் போட்டேன். மூன்று தடவை கரண்ட் போனது. பேட்டரி தாங்குகிறது.

ஆகஸ்ட் 12, சனி

கருவேலங்குளம் போனேன். அக்காவின் சொந்த ஊர். அண்ணன் ஞானதுரை உரக்கடை வைத்திருக்கிறார், சர்ச் கமிட்டியிலும் இருக்கிறார். தங்கச்சியோடு ஏழு வருடமாகப் பேச்சு இல்லை. விஷயத்தைச் சொன்னதும் பில் போடுவதை நிறுத்தாமல் இரண்டு கஸ்டமரை அனுப்பினார். கடை காலியான பிறகு, “சாப்பிடுறாளா?” என்றார்.

“கஞ்சித் தண்ணி இறங்குது. அதுவும் நேத்து இல்ல.”

கடையை மூடிவிட்டு என்னைப் போதகரிடம் கூட்டிப் போனார். போதகருக்கு என் வயதுதான் இருக்கும். கல்லறைத் தோட்டத்தைக் காட்டினார். சுத்தமாக இருக்கிறது. அக்காவின் அப்பா அம்மா பக்கத்தில் ஓர் இடம் சும்மா கிடக்கிறது. அளந்து பார்த்தேன், தாராளம்.

“பேரை எடுத்துட்டுப் போனவங்க, திரும்பி வந்துட்டேன்னு வாயால ஒரு வார்த்தை சொன்னாப் போதுங்க” என்றார் போதகர். “ரெண்டு பேர் சாட்சி. அதுகூட இல்லாம நான் செஞ்சா, கமிட்டி என்னைய மாத்திட்டு அடுத்த ஆளைக் கொண்டுவரும். அவர் இதக்கூடச் செய்ய மாட்டாரு.”

நியாயமான ஸ்பெசிஃபிகேஷன். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன்.

“நல்ல பையனா இருக்கானே” என்றார் அக்கா.

“ஒரு வார்த்தைதானக்கா.”

“ஒரு வார்த்தைதான்னா நீயே சொல்லிர வேண்டியதுதான. எங்கிட்ட ஏன் கேக்குற?” சிரிக்கப் பார்த்தார், இருமல் வந்தது. தண்ணீர் கொடுத்தேன். அப்புறம் மெதுவாகச் சொன்னார். “கேஸுல சமரசத்துக்குக் கையெழுத்துப் போடாம நிக்கிறது ஏழு வீடு. நான் திரும்பிட்டேன்னு தெரிஞ்சா ஏழும் திரும்பிரும். மண்ணுக்காக வாய மாத்த மாட்டேன் செந்தட்டி.”

“அப்ப மின்மயானம்தான்.”

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அது வேண்டாம்டா.”

என்னை ‘டா’ போட்டு இதற்கு முன் கூப்பிட்டதில்லை.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

இரண்டு நிபந்தனை. எரிக்கக் கூடாது, திரும்பி வந்ததாகச் சொல்லவும் கூடாது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்காது. எதைத் தளர்த்துவது என்பதுதான் கேள்வி. இதைக் கூட்டத்தில் தெளிவாக வைத்தேன்.

அதற்குள் ஆளுக்கொரு யோசனை. ஹால் பின்பக்கத்திலேயே புதைக்கலாம் என்றார் ஒருவர். ஓனர் காலையிலேயே போனில் முடியாது என்று சொல்லியாயிற்று. கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்றார் இன்னொருவர். திங்கட்கிழமை மனு, பதில் வர ஒரு மாதம். கடைசியில் நானே சொன்னேன்: “அக்காவுக்கு நினைவு தப்பினதும் நானும் அவங்க அண்ணனும் போய், சொன்னாங்கன்னு சொல்லிடுறோம். முடிஞ்சது.”

“அது பொய்யில்லையா?” என்றார் மைதீன் பிச்சை மாமா.

“பொய்தான் மாமா. ஆறடி மண்ணு கிடைக்கும்.”

அன்னத்தாய் அத்தை எழுந்து நின்றார்.

இங்கே ஓட்டு கிடையாது. மறுக்கிறவர் எழுந்து நிற்க வேண்டும். அவர் உட்காரும் வரை முடிவு இல்லை. அத்தைக்கு முழங்கால் தேய்மானம், ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. மகள் பேச்சிமுத்து பத்தொன்பது வயதில் அந்த யூனிட்டில் போனாள்.

“எம்மக செத்தன்னைக்கு நான் வாயே திறக்கல” என்றார். “ஊர்ப் பெரியவுக போயி, அன்னத்தாய் சம்மதிச்சுட்டான்னு சொல்லிட்டு வந்துட்டாக. ஜெபக்கனிதான் எங்கிட்ட வந்து, நீ என்னம்மா சொல்றன்னு முதமுதல்ல கேட்டவ. அவ சொல்லாதத நான் சொல்ல விட மாட்டேன்.”

“உட்காருங்க அத்தை. கால் வீங்கிரும்.”

“வீங்கட்டும்.”

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். நின்றுகொண்டே குடித்தார். இருட்டி, கொசு வந்து, கூட்டம் முடிவில்லாமலே கலைந்தது. எல்லா சுவிட்சையும் ஒரே வரிசையில் தொடராக மாட்டினால், ஒன்று ஆஃப் ஆனாலும் விளக்கு எரியாது. யாரும் வீட்டுக்கு இப்படி வயரிங் செய்ய மாட்டார்கள். இவர்கள் ஏழு வருடமாக இப்படித்தான் நடத்துகிறார்கள்.

ஆகஸ்ட் 15, செவ்வாய்

லீவு. நர்ஸம்மா மார்ஃபின் அளவைக் கூட்டினார். அக்கா கண் திறந்து என்னை “மாரி” என்றார். ஷிப்ட் முடிஞ்சதா என்று கேட்டார். முடிந்தது என்றேன். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

காலை பதினொன்றரை வாக்கில் போய்விட்டார். ஆக்சிஜன் மெஷினை அணைத்தேன். அறை இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று தெரியாது.

மைதீன் பிச்சை மாமா வந்து முகத்தை மூடிவிட்டு, நான்கு மணிக்கு எல்லாரும் கூடி முடிவெடுப்போம் என்றார். பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஒருமனதாக. நான் ஃப்ரீசர் பெட்டிக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். பெட்டிக்கும் சொன்னேன். அங்கிருந்து நேராகக் கருவேலங்குளம்.

போதகர் வீட்டு முன்னறையில் மூன்று பேர் உட்கார்ந்தோம். ஞானதுரை அண்ணன் என்னோடு சம்மதித்துத்தான் வந்தார். ஆனால் உள்ளே வந்ததும் தரையைப் பார்த்தபடி இருந்துவிட்டார்.

“சுயநினைவோட சொன்னாங்களா?” என்று கேட்டார் போதகர்.

“ஆமா.”

“என்னன்னு சொன்னாங்க தம்பி?”

இதற்குத் தயாராக வரவில்லை. “வீட்டுக்குப் போகணும்னு சொன்னாங்க.”

போதகருக்குக் கண் கலங்கிவிட்டது. எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு ஜெபம் பண்ணினார். ஞானதுரை அண்ணன் வாய் விட்டு அழுதார். அவருக்கு அந்த வாக்கியம் புதிது. நான் அதை அவரிடம் முன்பே சொல்லியிருக்கவில்லை. அவர் அதை நம்பிவிட்டார் என்று தோன்றுகிறது.

நீயே சொல்லிர வேண்டியதுதானே என்று அக்கா சொன்னது 12ஆம் தேதிப் பக்கத்தில் இருக்கிறது. நான் கூட்டியோ குறைத்தோ எழுதவில்லை.

ஆகஸ்ட் 18, வெள்ளி

அடக்கம் பத்து மணி. கயிறு பிடித்து இறக்கியதில் நானும் ஒருவன். குழி சரியான அளவு. மண் நல்ல கரிசல், ஈரமாக இருந்தது.

இல்லத்துக்காரர்கள் ஒரு வேன் பிடித்து வந்து, சுவருக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே ஓரமாக நின்றார்கள். அண்ணன் வீட்டில் கேட்டுக்கொண்டார்கள், அக்காவின் ஆசைப்படியே இங்கே நடக்கிறது என்று நேற்றே அவர்களுக்குப் போனில் சொல்லியிருந்தேன். அதற்கு மேல் சொல்லவில்லை. முதலாளி தரப்பு வக்கீலும் மாலையோடு வந்திருந்தார். கோர்ட்டில் ஏழு வருடம் எதிரெதிரே நின்றவர், மரியாதைக்கு வந்திருப்பார்.

போதகர் பிரசங்கத்தில் சொன்னார்: “தூரமாய்ப் போயிருந்த நம்முடைய சகோதரி, கடைசி நேரத்திலே தன் முழு நினைவோடே, வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லி, நம்மிடத்தில் திரும்பி வந்தார்கள்.”

வக்கீல் செல்போனைப் பையில் வைத்துவிட்டு நிமிர்ந்து கேட்டார். எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மண் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அன்னத்தாய் அத்தை என் பக்கத்தில் வந்தார். போதகரும் ஞானதுரை அண்ணனும் கை எட்டும் தூரத்தில் நிற்கிறார்கள்.

“செந்தட்டி. நெசமாவே சொன்னாளா?”

குழி பாதிதான் மூடியிருந்தது.

“சொன்னாங்க அத்தை.”

“எப்ப?”

“புதன்கிழமை. கொஞ்சம் தெளிஞ்சாங்க.”

அத்தை மண்ணைப் பார்த்தார். “போகணும்னு அவளுக்கு இருந்திருக்கு. நான் என்னத்தையோ பெருசா நின்னேன் பாரு, குறுக்க.” கீழே குனிந்து ஒரு பிடி மண் எடுக்கப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. நான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

ஹாலைத் திறந்து மைக்கை டெஸ்ட் செய்தேன். மைதீன் பிச்சை மாமா மட்டும் வந்தார். சாவியைக் கொடுக்க வந்திருந்தார்.

“ஜமாத்துல பேசிட்டேன்டா. சேத்துக்கிடுறோம்னுட்டாங்க. வக்கீலம்மாவே போயிட்டாங்க, நான் என்னத்தப் பிடிச்சுக்கிட்டு தொங்க?” என்றார். “உனக்கு வருத்தமா?”

“எனக்கென்ன மாமா. நான் மைக்குக்கு வர்றவன்.”

தோளில் தட்டிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 21, திங்கள்

ஞானதுரை அண்ணன் போன். “வெளிய எதுவும் பேசிறாதீங்க தம்பி. கமிட்டியில ரெண்டு பேரு இப்பவே ஒரு மாதிரி பேசுறாக. தோண்டி எடுன்னு சொன்னாலும் சொல்லுவாக.” சரி என்றேன். வைக்கும் முன் கேட்டார்: “அவ என்னைப் பத்தி எதுவும் கேட்டாளா?” கேட்டாங்க என்றேன். இந்த வாரம் எனக்கு இது பழகிவிட்டது.

ஆகஸ்ட் 24, வியாழன்

ஏழு வீட்டில் ஐந்து வீடு சமரசத்தில் கையெழுத்துப் போட்டாயிற்று. முதலாளியின் ஆள் வீடு வீடாகப் போய்ச் சொன்னது ஒரே ஒரு வரி: உங்க வக்கீலம்மாவே கடைசியில் மனசு மாறிட்டாங்க.

ஷிப்ட் முடிந்ததும் அன்னத்தாய் அத்தை வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடுவது என்று. அத்தை ஊரில் திரும்பச் சேர்ந்துவிட்டார். கோயில் கொடைக்கு வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்தார்கள் பக்கத்து வீட்டுப் பெண்கள். ஏழு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவர்கள்.

“உக்காரு. சாப்பிட்டுத்தான் போகணும்.” குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னார். “கையெழுத்துப் போட்டுட்டேன், கேள்விப்பட்டிருப்ப. திட்டணும்னா திட்டிரு.”

“திட்டலத்தை.”

“எம்மக படத்தத் திருப்பி வச்சுட்டுத்தான் போட்டேன். போட்டுட்டு வந்து படுத்தேன் பாரு, விடிஞ்சதுகூடத் தெரியல. இத்தன வருசத்துல அப்படி ஒரு தூக்கம் தூங்குனதில்ல. ஜெபக்கனி புண்ணியம்.”

சாப்பிட்டேன். இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டேன். கை கழுவிவிட்டு வந்ததும், மிக்ஸி ஸ்பார்க் அடிக்கிறது என்றார் அத்தை. திறந்து பார்த்தேன், கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. நாளை வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சொல்லாததற்கு, அவர் தூக்கம் கெடும் என்பது ஒரு காரணம். கல்லறையைத் தோண்டிவிடுவார்கள் என்பது இரண்டாவது. இன்னொன்றும் இருக்கிறது.

ஆகஸ்ட் 26, சனி

மீதியிருந்த இரண்டில் ஒரு வீடும் போட்டுவிட்டது. இனி எங்கள் வீடு மட்டும்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: “நம்மளும் போட்டுருவமாடா? ஜெபக்கனிக்கே தெரியாததா நமக்குத் தெரியப் போகுது?”

“போட வேண்டாம்.”

“ஏன்?”

கத்தினேன். அம்மா உரித்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஹாலுக்குப் போகவில்லை. அச்சகத்தில் ஓவர்டைம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வந்து உட்கார்ந்து எழுதுகிறேன். இனிச் செய்ய வேண்டியவை:

1. மாதக் கடைசியில் ஹாலைக் காலி செய்வதாக ஓனரிடம் சொல்வது. காரணம் கேட்டால், ஆள் இல்லை என்பது.

2. ஆக்சிஜன் மெஷினைத் துடைத்து, வாடகைக்கு எடுத்த கடையில் ஒப்படைப்பது.

3. அத்தை மிக்ஸிக்கு கார்பன் பிரஷ். போட்டுவிட்டு உடனே கிளம்பிவிடுவது. சாப்பிட உட்காரக் கூடாது.

4. செப்டம்பர் 5, கோர்ட். லீவு போட்டு அம்மாவைக் கூட்டிப் போவது. கேஸ் கட்டைக் கையில் வாங்க வேறு வக்கீல் கிடைக்கிறாரா என்று அங்கேயே விசாரிப்பது.

5. எதிர்த்தரப்பு வக்கீல், “உங்க தலைவியே திரும்பிட்டாங்களே, நீங்க ஏன் தம்பி தனியா?” என்று கேட்பார். பதில் சொல்லாமல் இருப்பது.

6. போதகர் போன் பண்ணியிருந்தார். கல்லறைக்குக் கல் வைக்கிறார்களாம். அதில் ‘வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள்’ என்று வெட்டலாமா என்று கேட்டார். கடைசியாகப் பேசியது என்னிடம்தான் என்பதால் நான் சரி சொன்னால் கல்தச்சரிடம் கொடுத்துவிடுவாராம். நாளைக்குள் சரி என்று சொல்வது.